கப்பல்காரர் வாய் திறக்காத நாள்

லாரியை எங்கே நிறுத்தினாலும் அதன் மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். இது அவர் சட்டம். சோறு வெந்திருக்கும், குழம்பு கொதித்து இறங்கியிருக்கும், நாங்கள் பசியில் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வண்டி திரும்பி நிற்கும்வரை அவர் கரண்டியைத் தொட மாட்டார்.

"ஓடறதுன்னு வந்துட்டா அப்பப் போய் ரிவர்ஸ் எடுத்துட்டு இருக்க முடியுமுங்களா மொதலாளி? நங்கூரம் போடறப்பவே ஓடற வழியைப் பாத்துத்தான் போடோணும்" என்பார். நாங்கள் நின்றுகொண்டிருப்பது மராட்டியத்தில் ஏதோ ஒரு பருத்திக் காட்டின் நடுவே. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

அவர் எங்களோடு வந்த சமையல்காரர். பேர் இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. ஊர் முழுக்கக் கப்பல்காரர்தான். புதுச்சத்திரத்துப் பக்கம் பிறந்து, எப்படியோ கொச்சிக்குப் போய், அங்கே ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி வைத்திருந்த பாய்மரப் படகில் சமையலுக்குச் சேர்ந்து, வருஷக்கணக்கில் தீவு தீவாகச் சுற்றியவர். வேலை கேட்டு வந்த அன்றைக்கு, "எவ்ளோ பெரிய கப்பலுங்கண்ணா?" என்று கேட்டேன்.

"கப்பல் இல்லீங்க, யாட். உங்க ரிக் வண்டியைவிடச் சித்தப் பெருசு."

"அதுல என்ன சரக்கு ஏத்துவாங்க?"

"சரக்கெல்லாம் கெடையாதுங்க. சும்மா போவாங்க."

சும்மா எதற்குப் போக வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் டீசலே போடாமல் காற்றிலேயே போவார்கள் என்று சொன்னதும் அந்த வெள்ளைக்காரன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. சேர்த்துக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கையெழுத்துப் போடுவேன், ரோட்டோரப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் திருச்செங்கோட்டில் வந்து கேட்டுப் பாருங்கள். பூமியைத் துளைத்துத் தண்ணீருக்கு போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் தொழில் கற்றவர்கள். மீதிப் பேர் கற்றதை ஒத்துக்கொள்ளாதவர்கள். இன்றைக்கு என் வண்டி போகாத மாநிலம் இல்லை. அன்றைக்கு, எழுபதுகளின் கடைசியில், என்னிடம் இருந்தது ஒரே ஒரு ரிக். அதன் பின்னால் கம்ப்ரசரும் சாமானும் சுமந்து வரும் ஒரு துணை லாரி. ரிக்கை ஓட்டியவர் மாரப்பன். துணை லாரியை ஓட்டியவன் நானே. அதில் எனக்குப் பக்கத்து சீட்டு கப்பல்காரருக்கு.

அவருடைய இரண்டாவது சட்டம் நெருஞ்சி முள். படகில் திருடன் வெறுங்காலோடு ஏறுவானாம், சத்தம் கேட்கக் கூடாது என்று. அதனால் தளத்தில் குத்தூசியை முனை மேலே பார்க்கப் பரப்பி வைப்பார்களாம். இங்கே குத்தூசிக்கு எங்கே போவது? ஒரு சாக்கு நிறைய நெருஞ்சி முள்ளைப் பொறுக்கி வண்டியிலேயே வைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் கோலம் போடுகிற மாதிரி இரண்டு லாரியையும் சுற்றித் தூவிவிடுவார். முதல் நாள் விடிந்ததும் ஒதுங்கப் போன மாரப்பன் ஒற்றைக்காலில் குதித்த குதியும் விட்ட வார்த்தைகளும் இங்கே சொல்லக் கூடியவை அல்ல. அதற்கு மறுநாள், நாங்கள் போர் போடப் போயிருந்த ஊரின் பெரியவர், நம் ஊரில் தண்ணீர் எடுக்க வந்த புண்ணியவான்கள் என்று செம்பு நிறையப் பாலோடு, மரியாதைக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். பால் முழுக்க மண்ணில் போனது.

"என்னுங்ணா இது?" என்று நான் கத்தினேன்.

"திருடனுக்குத்தானுங்க வெச்சது. நல்லவங்க ஏனுங்க செருப்பைக் கழட்டிட்டு வர்றாங்க?" என்றார்.

மூன்றாவது, புதினா. ஒரு பழைய எண்ணெய் டின்னில் மண் போட்டுப் புதினா நட்டு, துணை லாரியின் பக்கவாட்டில் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து நாக்பூர் வரைக்கும் அந்த டின் ஆடிக்கொண்டே வரும். கம்ப்ரசர் பழுதானால்கூட அவர் முகம் வாடாது. புதினா வாடினால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. குழம்புக்குப் போட ஒரு இலை கிள்ளிவிட்டால் போதும், சண்டைக்கு வருவார். பிறகு எதற்கு வளர்க்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் அந்தக் கதை வந்தது.

கடலில் சுற்றுகிற இந்தப் படகுக்காரர்கள் தினமும் காலையில் டீ குடிக்கிற நேரத்துக்கு ரேடியோவில் பேசிக்கொள்வார்களாம். நாங்கள் இங்கே இருக்கிறோம், அங்கே போகப் போகிறோம், வழியில் இதைப் பார்த்தோம். எந்தத் துறையில் கயிறு திருடுகிறான், எந்தத் தீவுக்கு ஓரமாக விளக்கை அணைத்துவிட்டுப் போக வேண்டும், மீன் விற்க வருகிற எந்தத் தோணிக்காரனைக் கிட்டே சேர்க்கக் கூடாது, எல்லாம். முகம் பார்க்காதவன் சொன்னதைக் கேட்டு முகம் பார்க்காதவன் தப்பிப்பான்.

"ஒரு எடத்துல நின்னுட்டு இருந்தமுங்க. பக்கத்துப் படகுல ஒரு கெழவனார், தனி ஆளு. டின்னுல புதினா வெச்சிருந்தாரு. தெனம் எனக்கு ரெண்டு கொத்து எட்டிக் குடுப்பாரு. அங்க திருட்டுப் பசங்க வாராங்கன்னு எங்க வெள்ளைக்காரனுக்குச் சேதி வந்துருச்சு. அவனுக்கும் கெழவனாருக்கும் நங்கூரம் போட்ட எடத்துக்காக வாய்ச்சண்டை. கெழவனாருக்குச் சொல்லாமப் பொறப்பட்டுட்டான். அடுத்த வாரம் ரேடியோவுல கேட்டமுங்க. பாயி, இஞ்சினு, சட்டி பானை எல்லாம் போச்சு. அந்தப் புதினா டின்னைக்கூட உடலீங்க. அதை எடுத்துட்டுப் போயி அவனுக என்னுங்க பண்ணுவானுக?"

அடுத்த துறைமுகத்திலேயே இறங்கி ஊருக்கு வந்துவிட்டாராம். "ஆபத்து தெரிஞ்சவன் அதை ஊருக்கெல்லாம் சொல்லிரோணும் மொதலாளி. கேக்கறவன் ஒருத்தனாச்சும் நம்போணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார்.

அந்த ஒன்றுதான் எங்கள் ஊரில் கிடைக்காது.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் ரிக்காரனுக்குச் சொத்து வண்டி இல்லை, சேதி. எந்தச் சீமையில் கிணறு வற்றிக் கிடக்கிறது, எந்த ஊரில் போர் போட ஆள் தேடுகிறார்கள் என்கிற சேதி. அதைச் சொன்னால் மறுநாள் உனக்கு முன்னால் இன்னொரு ரிக் அங்கே நிற்கும். அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பன் தின்போம், டீ குடிப்போம், போகிற திசையை மட்டும் தலைகீழாகச் சொல்வோம். வடக்கே போகிறவன் தெற்கே என்பான். கேட்கிறவனும் தெற்கே என்றால் வடக்கே என்று எடுத்துக்கொள்வான். இதில் யாருக்கும் கோபம் வராது. என் மச்சான், அதாவது என் சம்சாரத்தின் அண்ணன், அவரும் ஒரு ரிக் வைத்திருந்தார். என் தங்கை கல்யாணப் பந்தலில்கூட என்னிடம் உண்மையான ஊரைச் சொன்னதில்லை.

அந்த பேக்கரியில்தான் கப்பல்காரர் தன் ரேடியோவைத் தொடங்கினார். ரேடியோ என்றால் அவர் வாய்தான். நாங்கள் ஊரில் இருக்கிற நாளெல்லாம் புதுச்சத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பாய்லர் பக்கத்தில் நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சத்தமாகச் சொல்வார். இன்ன ஊர் தாபாவில் டீசலை உறிஞ்சுகிறான். இன்ன மலை ரோட்டில் கல்லு சரிந்திருக்கிறது. எல்லாம் உண்மை. லாரிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த உண்மை.

ஒருநாள் சொன்னார்: "நாக்பூரைத் தாண்டுனா ஒரு காட்டு ரோடுங்க. அதுல போகாதீங்க. மரத்தை வெட்டிக் குறுக்கால போட்டு வண்டியை மறிக்கறாங்க. போயே ஆகோணும்னா ஒண்ணாச் சேந்து போங்க."

பேக்கரியில் இருந்த தலைகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின. அந்தக் காட்டு ரோட்டின் கடைசியில்தான் எனக்கு ஒரு ஊர் முழுக்க வேலை காத்திருந்தது.

மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கீங்களாட்ட இருக்குது மாப்ளே. சமையக்காரரை உட்டுக் காவல் போட வேண்டிய அளவுக்கு!"

"மச்சான், அவரு நெசமாத்தான்..."

"நெசந்தானுங்க. நெசம்தான். நான் நாளைக்கு மதுரைப் பக்கம் போறேன். வாரேனுங்க."

கப்பல்காரருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "சேந்து போலாமுங்க மொதலாளி, மச்சானைக் கூப்புடுங்க" என்று என்னை அரித்தெடுத்தார். கூப்பிட்டால் வேலை போச்சு. கூப்பிடாமல் தனியாகக் கிளம்பினேன். என்னிடம் இருந்த எல்லாமே அந்த ஒரு ரிக்தான், அது போனால் நான் மறுபடியும் அடுத்தவன் காட்டில் வரப்பு வெட்டப் போக வேண்டியவன். இருந்தாலும் கிளம்பினேன். தைரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டு ரோட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஒரு ரிக் ஒளிந்திருந்தது. ரிக் வண்டி ஒளிய முடியுமா? யானை வாழைமரத்துக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் மச்சான், முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஏனுங் மச்சான், மதுரைன்னீங்க?"

"ரோடு மாறிட்டமுங்க மாப்ளே" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அடுத்த திருப்பத்தில் இன்னொரு திருச்செங்கோட்டு ரிக். அதற்கடுத்து இன்னும் இரண்டு. எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வந்தவர்கள். எல்லாரும் ரோடு மாறியவர்கள். ஒருவரை ஒருவர் முந்தவிடாமல் வரிசையாக ஒட்டிக்கொண்டு போனோம். அந்தக் காடு பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு ஊர்வலத்தைப் பார்த்திருக்காது.

அப்படியே போனால் மரம் குறுக்கே கிடக்கிறது! கப்பல்காரர் சொன்ன அதே மாதிரி. புதரிலிருந்து அரிவாளும் கோடாலியுமாக ஒரு கூட்டம் எழுந்தது. எழுந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ரிக் வண்டியின் பெரிய இரும்புக் கம்பத்தை மடக்கி, டிரைவர் தலைக்கு மேலே படுக்க வைத்து, தார்ப்பாய் போட்டு மூடியிருப்போம். பார்க்காதவன் பார்த்தால் பீரங்கி என்றுதான் சொல்வான். அவர்களுக்கு முன்னால் வரிசையாக ஐந்து பீரங்கி.

கப்பல்காரர் என் பக்கத்து சீட்டில் எழுந்து நின்று, கதவுக்கு வெளியே உடம்பை நீட்டிக் கத்தினார். "எல்லாரும் கம்ப்ரசரைப் போடுங்க! ஒண்ணாப் போடுங்க! காத்தைத் தெறந்து உடுங்க!"

போட்டோம். அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குத்தான் தெரியும், பாறையையே பொடியாக்குகிற காற்று அது. ஐந்து கம்ப்ரசரும் ஒன்றாக மண்ணில் ஊதியதில் காடே செம்மண் மேகமாகிவிட்டது. தூசி அடங்கியபோது ஒருத்தனையும் காணோம். ஒரு கோடாலி மட்டும் கிடந்தது. அதை வைத்தே மரத்தை வெட்டி நகர்த்தினோம்.

நகர்த்திக்கொண்டிருக்கும்போதே தலைப்பாகை கட்டின ஒரு கிழவர் கையைக் கும்பிட்டபடி காட்டுக்குள்ளிருந்து வந்தார். கோடாலியைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தார். மாரப்பனுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சு நடந்தது. இதெல்லாம் பீரங்கி இல்லை, பூமியில் தண்ணீர் எடுக்கிற வண்டி என்று தெரிந்ததும் கிழவர் கோடாலியை மறந்துவிட்டார். எங்கள் ஊருக்கு வாருங்கள், தண்ணீர் இல்லாமல்தான் இந்தப் பிழைப்புக்கு வந்தோம் என்றார். அவ்வளவுதான். பத்து நிமிஷத்துக்கு முன்னால் உயிருக்குப் பயந்த ஐந்து ரிக்காரர்களும் அந்தத் திருடரைச் சூழ்ந்துகொண்டு, என் வண்டியைக் கூப்பிடு, அவன் வண்டி ஓட்டை, நான் குறைத்துப் போடுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்த கூத்தை என்னவென்று சொல்வது? கடைசியில் நான்தான் போட்டேன். இன்றைக்கும் அந்த ஊரில் அந்த போர்தான் ஓடுகிறது என்று சொல்கிறார்கள்.

இந்தக் களேபரத்தில் கப்பல்காரர் தனியாகப் புதினா டின் பக்கத்தில் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. நாங்கள் அவரைப் பார்த்ததும், "சேந்து வாங்கன்னேன். அத்தனை பேரும் சேந்து வந்துட்டீங்களே. என்னை நம்பி வந்துட்டீங்களே" என்றார்.

எல்லோரும் தரையைப் பார்த்தோம். மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தரும் உண்மையைச் சொல்லவில்லை. பொய் சொல்வதில் பழக்கம் இருந்தும் அன்றைக்குப் பொய்யும் வரவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவர் நடையே மாறிவிட்டது. பேக்கரியில் அவர் குரல் கடைவீதிவரைக்கும் கேட்கும். கெடுத்தது மாரப்பன்தான். நெருஞ்சி முள் இன்னொரு தடவை குத்திய கோபத்தில் உளறிவிட்டார். "உங்களை நம்பி எவனும் வரலீங்க கப்பல்காரரே! நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சுத்தான் அத்தனை பேரும் வந்தானுக!"

கப்பல்காரர் கையிலிருந்த முள் சாக்கைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் ஆபத்துன்னு சொன்னா?"

"ஓடிப்போயி முன்னால நிப்பாங்ணா."

"பத்தரமுன்னு சொன்னா?"

"அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க." சங்கடமாக இருந்ததால் ஒரு வழியும் சொன்னேன். "அதுக்கென்னுங்ணா? ஆபத்தான ரோட்டை நல்ல ரோடுன்னு சொல்லிருங்க. அவங்க திருப்பிப் போட்டு நெசத்தைத் தெரிஞ்சுக்கறாங்க."

நல்ல யோசனைதான். என் யோசனை எதுவும் சோடை போனதில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆபத்தைப் பத்தரமுன்னு என் வாயில சொல்லோணுமுங்களா? கேக்கறவங்கள்ல ஒருத்தன் வெள்ளந்தியா இருந்து, அப்படியே நம்பிப் போயிட்டான்னா?"

அதோடு நிறுத்திவிட்டார். பேக்கரிக்கு வருவார், பாய்லர் பக்கம் நிற்பார், துண்டை உதறுவார். வாய் மட்டும் திறக்காது.

மழைக்காலம் வந்தது. மச்சான் ஒருநாள் கிளம்புகிற அவசரத்தில், வழக்கப்படி வேறு ஏதோ ஊரைச் சொல்லிவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்கு அவரிடம் கேட்டார். "ஏனுங்க, தரைப்பாலத்து ரோடு எப்படிங்க?"

கப்பல்காரர் வாயைத் திறந்தார். மூடினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலம் அரித்திருக்கிறது என்று பருத்தி லாரிக்காரர் ஒருவர் முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தார். ஆபத்து என்றால் மச்சான் பறந்து போவார். பத்திரம் என்று சொல்ல நாக்கு வராது. அவர் என்ன செய்வார்?

மச்சான் எழுந்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் காதோரம் வந்து, "ஒண்ணுமே சொல்லலியே மாப்ளே! இதை எந்தப் பக்கமுங்க திருப்பறது?" என்றார். முகம் வெளுத்திருந்தது. அன்றைக்கு அவர் வண்டி எடுக்கவில்லை. மறுநாள் சேதி வந்தது, அந்தத் தரைப்பாலம் தண்ணீரோடு போய்விட்டது.

அதிலிருந்து கப்பல்காரர் மௌனத்துக்கு வந்த மரியாதை அவர் பேச்சுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வண்டி எடுக்கும் முன்னால் அவர் முன்னே போய் ரோட்டின் பேரைச் சொல்வார்கள். சாதாரணமாக ஒரு தலையசைப்பு, ஒரு இருமல், ஏதாவது வரும். ஒன்றும் வராவிட்டால் வண்டி நிற்கும்.

அப்புறம்தான் அந்த நாள். மழை ஓய்ந்து, தொழில் சூடு பிடித்த நேரம். கப்பல்காரர் பேக்கரிக்கு வரவே இல்லை. ஒரு வண்டியும் கிளம்பவில்லை. பொழுது ஏற ஏற ரோட்டோரம் ரிக்குகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே மூக்கு வெளியே பார்க்க! எப்போதிருந்து அப்படி நிறுத்தப் பழகினார்கள் என்று எனக்கே தெரியாது. "எந்த ரோட்டுல என்னமோ ஆயிருக்குதுங்க" என்றார் ஒருவர். "எல்லா ரோட்டுலயும் ஆயிருக்குது" என்றார் மச்சான்.

நான் பஸ் ஏறிப் புதுச்சத்திரம் போனேன். அவர் வீட்டு வாசலில், தாடையைச் சுற்றித் துண்டால் கட்டி, கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடவாய்ப் பல் வீங்கியிருந்தது. வாய் திறக்க முடியவில்லை.

"பல்லு வலியா? அடப் பாவமே. அங்க திருச்செங்கோடே நின்னு போச்சுங்ணா. நீங்க வாயத் தொறக்கலைன்னு ஒரு வண்டி அசையல."

என்னைப் பார்த்தார். கையை விரித்து, எல்லாருமா என்று சைகையில் கேட்டார்.

"எல்லாருமுங்ணா. மொதல்ல சாவியைப் புடுங்கி மடியில வெச்சது மச்சான்தான்."

தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலி தாங்காமல் அழுதார். மறுபடியும் சிரித்தார். பிறகு எழுந்து போய், ஊருக்கு வந்தால் லாரியிலிருந்து அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் அந்த டின்னிலிருந்து ஒரு கொத்துப் புதினா கிள்ளி என் கையில் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் அவர் கிள்ளிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கே பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பாய்லர் பக்கத்தில் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். ரொம்ப காலத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, கடைவீதிவரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"எல்லா ரோடும் நல்லா இருக்குதுங்க!"

ஒருத்தரும் அசையவில்லை. இரண்டு மூன்று பேர் வண்டிச் சாவியை எடுத்து இன்னும் பத்திரமாக உள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்கள். கப்பல்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். உதறின துண்டு தோளிலிருந்து நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மச்சான்தான் எழுந்தார். கீழே கிடந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

"எந்தப் பக்கமுங்க மச்சான்?" என்று நான் கேட்டேன்.

"நாக்பூருங்க மாப்ளே" என்றார்.

நான் பழக்கப்படி தெற்கே போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டி வடக்கே, நாக்பூர் ரோட்டில் திரும்பியது.